மழையே இல்லை, தகரக் கூரை சொட்டுகிறது: ஓட்டை எங்கே?

கந்தப்பளை தேவி:

வணக்கம். இதை வீடு திருத்தும் பகுதியில் கேட்பதா, விஞ்ஞானப் பகுதியில் கேட்பதா என்று யோசித்துவிட்டு, மகள் சொன்னதால் இங்கே போடுகிறேன்.

நாங்கள் நுவரெலியா மலைப்பக்கம், கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். படுக்கிற காம்பரா ஒன்று, பன்னிரண்டடிக்குப் பத்தடி. முன்னால் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அதில் பாதியை மறித்துக் குசினி ஆக்கியிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். போன வருஷம் கடன்பட்டுப் பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டோம். பழையது மாமனாருடைய அப்பா காலத்துத் தகரம். துரு தின்று, படுத்துக்கொண்டே நட்சத்திரம் எண்ணலாம். மழை வந்தால் சட்டி பானை எல்லாம் தரையில்தான்.

புதுத் தகரம் போட்ட பிறகு அடைமழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நிம்மதியாக இருந்தோம். தை பிறந்து மழை விட்டது. பகலில் நல்ல வெயில், இரவில் மேகமே இல்லை, குளிர் எலும்புக்குள் போகிறது. அப்போதுதான் கூத்து தொடங்கியது. விடியற்காலை நாலு மணிக்குப் பிறகு முகத்தில் டொக், காலில் டொக். லைட்டைப் போட்டுப் பார்த்தால் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கம்பளி, தலையணை எல்லாம் ஈரம். சின்னவனுக்குச் சளி விடவே இல்லை.

தகரம் அடித்த பாஸைக் கூப்பிட்டோம். ஆணி ஓட்டை என்றார். ஒவ்வொரு ஆணித் தலையிலும் தார் பூசிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கும் சொட்டியது. மாமியார், வெளியில் பெய்கிற பனி தகரத்துக்குள் ஊறி இறங்குகிறது என்கிறார். மகள் தரம் 8. “இது ஒடுங்கல் அம்மா, நீராவி குளிர்ந்து தண்ணியாகிறது, டீச்சர் படிப்பிச்சாங்க” என்கிறாள். அவள் காட்டிய படத்தில் ஐஸ் போட்ட கிளாஸ்தான் இருக்கிறது. நம்ம வீட்டில் ஐஸ் எங்கே இருக்கு?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம், பழைய ஓட்டைத் தகரத்தில் இப்படி நடக்கவே இல்லையே, அது ஏன்? அடுத்த லயத்து அக்கா வீட்டுக்கு இன்னும் பழைய ஓட்டுக் கூரைதான், அவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள்: தகரம் மாற்றும்போதே சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்துகளை எல்லாம், குளிர் வருகிறது என்று சீமெந்து வைத்து அடைத்துவிட்டோம். விறகடுப்பையும் விட்டுவிட்டுக் காஸுக்கு மாறிவிட்டோம்.

வத்தளை ரவி:

அக்கா, இன்சுலேஷன் ஒட்டின சீட் வாங்கிப் போடுங்க, பிரச்சினை முடிஞ்சுது. கொழும்பில் எல்லாரும் அதுதான் போடுறாங்க.

ஹட்டன் தகரபாஸ்:

ரவி தம்பி, கடன்பட்டுக் கூரை போட்டவரிடம் போய்ப் புதுக் கூரை போடச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை.

தங்கச்சி, உங்கள் பாஸைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். ஆணி ஓட்டையில் ஒழுகுவதும் உண்டு, அது பொய்யில்லை. வெயிலில் தகரம் 50 பாகையைத் தாண்டிச் சுடும், விடியும்போது 10 பாகைக்குக் கீழே போகும். 40 பாகை வித்தியாசத்துக்குப் பத்தடித் தகரம் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்குகிறது. அந்தி நேரம் கூரையில் டக் டக் என்று கேட்குமே, அது இதுதான். வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து ஆணி ஓட்டை பெருத்துவிடும். அதனால்தான் இறப்பர் வாசர் போட்டு, நெளியின் மேட்டில் ஆணி அடிக்க வேண்டும் என்கிறோம். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி.

ஆனால் ஆணியில் ஒழுகினால் மழையில்தான் ஒழுகும், ஒழுகின இடத்தில் துருக்கோடு இறங்கியிருக்கும். நீங்கள் சொல்வது மழையில்லாத நாளில், தகரம் முழுக்க. அதற்குத் தார் மருந்து இல்லை. அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் படிப்பு போதாது, தெரிந்தவர்கள் வருவார்கள்.

பழைய டீமேக்கர்:

தேவி மகள், உங்கள் பிள்ளை சொன்னதுதான் சரி. என் கணக்கில் அவளுக்கு ஒரு சொக்லட் வாங்கிக் கொடுங்கள்.

நான் தேயிலைப் பெக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவன். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே தேயிலை செய்வதாகத் தெரியும். உள்ளே நடப்பதில் பெரும்பங்கு தண்ணீரை விரட்டுகிற வேலை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 4.5 கிலோ கொழுந்து உள்ளே போனால் 1 கிலோ தேயிலை வெளியே வரும். மற்ற 3.5 கிலோவும் ஆவியாகிக் காற்றோடு போகிறது. ஆகவே இன்றைக்குக் காற்று எவ்வளவு தண்ணீர் வாங்கும் என்று பார்க்காமல் எங்களுக்குப் பொழுது விடியாது.

அதைப் பார்க்க, கொழுந்து வாட்டுகிற மாடியில் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று வெறும் வெப்பமானி. மற்றதன் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் வால் ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் கிடக்கும். காற்று காய்ந்திருந்தால் அந்தத் துணியில் இருந்து தண்ணீர் ஆவியாகும், ஆவியாகப் போகிற தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், அந்த வெப்பமானி கீழே இறங்கி நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்றுக்குத் தாகம் என்று அர்த்தம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்று நிறைந்துவிட்டது. அன்றைக்குச் சூடு காட்டாமல் கொழுந்து வாடாது, பெரியதுரை நின்று சத்தம் போட்டாலும் வாடாது.

இப்போது உங்கள் காம்பராவுக்கு வருகிறேன். காற்றுக்கு எவ்வளவு நீராவி பிடிக்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 20 பாகையில் 1 கன மீற்றர் காற்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவி பிடிக்கும். 10 பாகையில் 9 கிராம் சொச்சம்தான். உங்கள் காம்பரா பன்னிரண்டுக்குப் பத்து, உயரம் சராசரி ஒன்பதடி என்று வைத்தால் 30 கன மீற்றர் வரும். 20 பாகையில் நிறைந்திருக்கிற அந்தக் காற்றை 10 பாகைக்குக் குளிர வைத்தால் 240 கிராம் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதுவும் ஒரு தடவைக்கு மட்டும்தான். காற்று தகரத்தில் பட்டுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும், உங்கள் மூச்சில் இருந்து மறுபடி வாங்கிக்கொண்டு மேலே போகும். விடிய விடிய இதே சுற்றுத்தான்.

ஆமாம், உங்கள் மூச்சுத்தான். தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் சேர்த்து மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீர் விடுகிறார். ஐந்து பேர், எட்டு மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை லீற்றருக்கு மேல் வரும். அதன் மேல் காஸ் அடுப்பு. இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்: 1 கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. எரித்ததை விட எப்படிக் கூடும் என்று கேட்பீர்கள். காஸில் ஐதரசன் இருக்கிறது. எரியும்போது அது காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. கூடுகிற நிறை ஒட்சிசனுடையது, சும்மா வந்ததில்லை. வீட்டுக்கு வாங்குகிற 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாவதற்குள் 20 லீற்றர் தண்ணீரை நீராவியாக உங்கள் குசினிக்குள் விட்டிருக்கும். சோறு கொதித்த ஆவி, உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட பள்ளிக்கூட உடுப்பு, எல்லாம் இதற்கு மேல்.

உங்கள் மாமியார் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. தகரத்தின் மேல்பக்கமும் விடியும்போது நனைந்துதான் இருக்கும், அது வெளிக்காற்றில் இருந்து படிந்த பனி. ஆனால் அது வழிந்து தாழ்வாரத்தில் விழும். இரும்புத் தகடு ஊற விடாது. உள்ளே சொட்டுகிற தண்ணீர் முழுக்க உள்ளே இருந்தவர்கள் கொடுத்தது.

பழைய கூரை ஏன் சொட்டவில்லை? அதில் ஓட்டை இருந்தது, சுவரோரம் சந்து இருந்தது, விறகடுப்பின் சூட்டுக்குக் காற்று மேலே ஏறி வெளியே போய்க்கொண்டே இருந்தது. மூச்சு, ஆவி, புகை எல்லாம் அந்த வழியாகவே போயின. விறகு எரிந்தாலும் நீராவி வரத்தான் செய்யும், ஆனால் தங்காது. இப்போது காம்பராவை மூடி போட்ட சோற்றுப்பானை மாதிரி இறுக்கிவிட்டீர்கள். மூடியின் அடியில் தண்ணீர் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்? ஓட்டை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டை இல்லாததுதான் கோளாறு.

ஓட்டுக் கூரைக்காரிக்கு ஏன் தொல்லை இல்லை என்பதற்கு மூன்று காரணம் உண்டு. ஓட்டுக்கு ஓடு சந்து இருப்பதால் காற்று போகிறது. சுட்ட களிமண்ணில் நுண்ணிய துளைகள் இருப்பதால் படிகிற தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பகல் வெயிலில் விட்டுவிடும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு சதுர மீற்றர் தகரம் 4 கிலோ அளவில் இருக்கும். அதே அளவு ஓட்டுக் கூரை அதைப் போலப் பத்து மடங்கு எடை. தன்வெப்பக் கொள்ளளவும், அதாவது ஒரு கிலோ ஒரு பாகை சூடேற வேண்டிய வெப்பமும், இரும்பை விடச் சுட்ட மண்ணுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் ஒரு பாகை குளிர்வதற்கு ஓடு தகரத்தைப் போல் இருபது மடங்கு வெப்பத்தை இழக்க வேண்டும். தகரம் ஏழு மணிக்கே குளிர்ந்துவிடும். ஓடு குளிர்ந்து முடிவதற்குள் சேவல் கூவிவிடும்.

என்ன செய்யலாம்? முதலில் அடைத்த சந்தைத் திறவுங்கள். முழுக்க வேண்டாம். முகட்டுக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில், கை நுழைகிற அளவுக்கு. வெளியே மூடுபனியாக இருக்கிறதே, திறந்தால் ஈரம் உள்ளே வருமே என்று எல்லோரும் பயப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். வெளியே 10 பாகையில் காற்று நிறைந்தே இருந்தாலும் 9 கிராம்தான் அதில் இருக்கும். உள்ளே இருப்பது அதை விடக் கூட. அந்தக் குளிர்காற்று உள்ளே வந்து கொஞ்சம் சூடானால் அதற்குத் தாகம் எடுக்கும், உங்கள் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். பெக்டரியில் நாங்கள் காலம் முழுக்கச் செய்த வேலையே இதுதான். இந்தப் பக்கத்துத் தேயிலைக்குத் தையும் மாசியும் நல்ல பருவம் என்பதும் இந்தக் காய்ந்த காற்றால்தான். உங்கள் தலையணை நனைகிற அதே இரவில் நல்ல தேயிலை வருகிறது. என்ன நியாயமோ!

காஸ் எரியும்போது குசினி ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈரத்துணி காம்பராவுக்குள் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈரம் போகட்டும், குளிர் போகட்டும் என்று இரவில் தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி யாரும் படுக்காதீர்கள். கரித் தணலில் இருந்து காபனோரொட்சைட்டு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, தூங்கினவர் எழும்ப மாட்டார். இப்போதுபோல அடைத்த வீட்டில் இன்னும் ஆபத்து.

பண்டாரவளை டீச்சர்:

டீமேக்கர் ஐயா, அடுத்த தவணைக்கு உங்களை எங்கள் வகுப்புக்குக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது.

ஒரு இடம் மட்டும் விட்டுவிட்டீர்கள். வெளிக்காற்றே 10 பாகையில் இருக்கும்போது தகரம் அதை விடவும் குளிர்வது எப்படி? வெப்பம் போகிற மூன்று வழிகளைக் கேட்டால், பிள்ளைகள் கடத்தல், மேற்காவுகை இரண்டையும் எழுதிவிட்டுக் கதிர்ப்பை மறந்துவிடுவார்கள். கூரை இரவு முழுக்க வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்த்துக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதிலிருந்து ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லாத, காற்று அடிக்காத இரவில் திரும்பி வருவது குறைவு. அதனால் தகரம் சுற்றியுள்ள காற்றை விடச் சில பாகை கீழே இறங்கிவிடும். தேவி அக்கா மேகமே இல்லாத இரவு என்று எழுதியிருந்தாரே, விடை அவருடைய கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

நுவரெலியாவில் தை மாசியில் உறைபனி விழுவதும் இதே வழியில்தான். வானிலைப் பெட்டிக்குள் வெப்பமானி 3 பாகை காட்டும். வெளியே புல்லும் தேயிலைக் கொழுந்தும் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். மரநிழலில் நிற்கிற செடி தப்பிவிடும், வெட்டவெளியில் நிற்பது கருகும். அந்தச் செடிக்கும் வானத்துக்கும் நடுவில் மரம் நிற்கிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு: நீராவி ஒடுங்கத் தொடங்குகிற வெப்பநிலையைப் பனிபடுநிலை என்று மேல் வகுப்பில் படிப்பாய். ஐஸ் கிளாஸ் படத்துக்கும் உங்கள் கூரைக்கும் அதுதான் தொடர்பு. கிளாஸ் 5 பாகையில் இருந்தாலும் சரி, தகரம் 8 பாகையில் இருந்தாலும் சரி, பக்கத்துக் காற்றின் பனிபடுநிலைக்குக் கீழே போனால் நனையும். ஐஸ் கட்டாயம் இல்லை. இன்னொன்று, 1 கிராம் நீராவி இந்தக் குளிரில் தண்ணீராக மாறும்போது சுமார் 2450 யூல் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் தகரத்துக்குப் போய், தகரம் அதை வானத்துக்குக் கதிர்த்துவிடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் நடப்பதன் நேர் எதிர் இது. ஐயா அங்கே ஆவியாதலைச் சொன்னார், உங்கள் கூரையில் ஒடுங்கல். கண்காட்சிக்கு இரண்டையும் சேர்த்துச் செய்தால் நன்றாக இருக்கும்.

யாராவது இதைப் படித்துவிட்டுப் பழைய அஸ்பெஸ்டஸ் சீட் தேடிப் போக வேண்டாம். அதுவும் ஈரம் குடிக்கும், உண்மை. ஆனால் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

வத்தளை ரவி:

சரி சரி, தெரியாமல் சொல்லவில்லை. அந்தப் பளபளத் தாள் ஒட்டின விரிப்பு தகரத்துக்கு அடியில் போட்டால் உள்காற்று குளிர்ந்த இரும்பைத் தொடாது. அதைத்தான் சொன்னேன். வசதி இல்லாவிட்டால் ரெஜிபோம் சீட் (பொருள் பொதிகிற வெள்ளைத் தெர்மோகோல்) வாங்கி அடியில் ஒட்டலாமே, விலை குறைவு.

பழைய டீமேக்கர்:

ரவி தம்பி, விரிப்பு நல்லதுதான், மறுக்கவில்லை. தகரம் அடிக்கும்போதே போட்டிருந்தால் கைக்கு அடக்கமாக முடிந்திருக்கும். இப்போது என்றால் எல்லாத் தகரத்தையும் கழற்ற வேண்டும். ரெஜிபோம் மட்டும் வேண்டாம். லயத்தில் குசினிக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருக்கும். தீப்பொறி பட்டால் ரெஜிபோம் நொடியில் பற்றி, உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். ஒரு வீட்டில் பிடித்தால் லயம் முழுக்கப் போகும்.

கந்தப்பளை தேவி:

எல்லோருக்கும் பெரிய நன்றி. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு இரண்டு வெப்பமானி வாங்கி வந்தாள். ஒன்றுக்குப் பழைய வேட்டித் துணி சுற்றி, துணியின் வாலை மருந்துக் குப்பிக்குள் விட்டு, ஐயா சொன்ன மாதிரியே கட்டிலுக்கு மேலே கட்டினாள். படுக்கப் போகும்போது ஒன்று 19, மற்றது 17. விடியற்காலை சொட்டத் தொடங்கும்போது எழும்பிப் பார்த்தால் இரண்டும் 15. “காத்து ஃபுல் அம்மா” என்று கத்தி எல்லாரையும் எழுப்பிவிட்டாள். மேகம் மூடின ஒரு இரவில் சொட்டவே இல்லை. டீச்சர் சொன்னது அப்படியே.

வீட்டுக்காரர் முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சீமெந்தைத் தட்டி எடுத்தார். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, தலையணை நனைவதில்லை. தகரத்தின் அடியில் ஈரம் இன்னும் இருக்கிறது. கூரை மரங்களான வளையும் ரீப்பையும் சேர்கிற இடத்தில் வந்து தேங்கி, அங்கிருந்து மட்டும் சொட்டுகிறது. மாமியாருக்குத்தான் சமாதானம் இல்லை. கடன்பட்டுக் கூரையைப் போட்டுவிட்டு இப்போது சுவரை உடைக்கிறீர்களே, குளிர் என் தலையில்தான் இறங்குகிறது என்று தினமும் ஒரு பாட்டு. அவர் கட்டில் சந்துக்கு நேர் கீழே இருக்கிறது.

இங்கே சிலர் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துத் தகரத்துக்கு அடியில் சீலிங் மாதிரி கட்டுகிறார்கள். செலவு நூல் மட்டும்தான். அது சரிவருமா? பூஞ்சணம் பிடிக்காதா?

ஹட்டன் தகரபாஸ்:

சரிவரும் தங்கச்சி. இறுக்கித் தகரத்தோடு ஒட்டக் கட்டாதீர்கள். நாலைந்து அங்குலம் கீழே விட்டு, தகரத்தின் சரிவிலேயே சரித்துக் கட்டுங்கள். மேலே விழுகிற சொட்டு சாக்கின் மேலே வழிந்து சுவருக்கு வெளியே போகட்டும். மட்டமாகக் கட்டினால் நடுவில் தொந்தி விழுந்து, ஒரு நாள் மொத்தமாகக் கொட்டும். அம்மா கட்டிலைச் சந்து திறக்காத சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், அதற்கு பாஸ் தேவையில்லை.

பழைய டீமேக்கர்:

பாஸ் சொன்னபடி கட்டுங்கள். நான் சேர்ப்பது இரண்டு விஷயம். சாக்குக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அதைக் கழற்றி எறியாதீர்கள். நெய்த சாக்கு மட்டும் என்றால் நீராவி அதன் இடுக்கு வழியே மேலே போய்த் தகரத்தில் படியும். உறையும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கீழேயே நின்று, நீங்கள் திறந்த சந்து வழியாக வெளியேறும். சாக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி தாழ்வாரப் பக்கமும் முகட்டுப் பக்கமும் திறந்தே இருக்கட்டும். அங்கே காற்று ஓடினால் பூஞ்சணம் அவ்வளவாக வராது. அடுப்புக்கு மேலே மட்டும் சாக்கு வேண்டாம், அதுவும் பற்றும்.

மற்றது, தைப்பதற்கு முன் சாக்கை நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். யூரியா ஒட்டியிருந்தால் காற்றில் உள்ள ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். பெக்டரி உரக் காம்பராவில் மூட்டை வாயைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கசிந்து கட்டியாகிவிடும். அலசின தண்ணீரைக் கொல்லையில் கோவாப் பாத்திக்கு ஊற்றுங்கள், ஆனால் நிறையத் தண்ணீர் கலந்து.